ராணியக்கா கையில் கொடுத்த பொண்ட் காசு

இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு டொலர், இருபத்தைந்து வருடம். மொன்றியல் தமிழரிடம் புஷ்பராணி யார் என்று கேட்டால் முதலில் இந்த மூன்று எண்களையும் சொல்வார்கள். மற்றதெல்லாம் பிறகுதான். மற்றது என்பது அவருடைய வாய்.

வயது ஐம்பத்தெட்டு. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் இடத்தில் வேலை. 1999இலிருந்து சீட்டுப் பிடிக்கிறார். சீட்டு எளிமையானது. இருபது பேர் மாதாமாதம் காசு போடுவார்கள், ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அவசரமாக வேண்டியவர் ஒரு தொகையைக் கழிவாக விட்டுவிட்டு முன்னுக்கு எடுப்பார். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: யாராவது கட்டாமல் விட்டால் சீட்டுப் பிடிக்கிறவர் தன் கைக்காசைப் போட வேண்டும். ஒருமுறை ஒரு ஆள் சீட்டை எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு மாறிவிட்டான். அவனுடைய மிச்சத் தவணைகளைப் புஷ்பராணி மேலதிக வேலை செய்து கட்டினார். அவனைத் திட்டிய திட்டு இன்றைக்கும் சிலருக்குப் பாடம்.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெண்சங்கு விளையாட்டுக் கழகம் உதைபந்தாட்டம் ஆடும் சனிக்கிழமைகளில் மைதானத்தின் கோட்டோரம் அவருடைய இடம். எதிரணிக் கோல் காப்பாளன் கண்ணாடி வாங்கக் காசில்லாமல் இருக்கிறானா என்று விசாரிப்பார். நடுவரைப் பிரெஞ்சில் திட்டுவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அதற்குப் போதும். சொந்தப் பிள்ளை யாரும் அணியில் இல்லை. மகன் விளையாடி முடித்து வன்கூவரில் இருக்கிறான். ஆனாலும் ராணியக்கா வராத நாளில் பெடியன்கள் கோட்டோரத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

2024 பெப்ரவரியில் கழகம் கடன்பத்திரம் வெளியிடப் போவதாக அறிவித்தது. சனம் அதைப் ‘பொண்ட்’ என்றது. காரணம் குளிர். வருடத்தில் ஐந்து மாதம் பெடியன்களுக்குப் பயிற்சிக்கு இடமில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பழைய பண்டகசாலையை நீண்ட குத்தகைக்கு எடுத்து, உள்ளே செயற்கைப் புல் விரித்து, உள்ளரங்கு மைதானமாக்குவது திட்டம். மற்றக் கழகங்களுக்கு வாடகைக்கு விட்டால் கடன் தன்னைத் தானே அடைக்கும் என்று பொருளாளர் கீர்த்திகன் எழுதியிருந்தார். முப்பத்திரண்டு வயது, ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை, முன்னாள் இடது ஓரக்காரர். ஆடிய காலத்தில் பந்தைக் கொடுக்கவே மாட்டார் என்று பெயர்.

அறிவித்த நாளிலிருந்து கழகத்தின் வட்ஸ்அப் குழு எரிந்தது. ‘கோவில் கட்ட வாங்கின காசே இன்னும் கணக்கில்லை’ என்றார் ஒருவர். ‘கோவிலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம், மடையா’ என்றார் மற்றவர். கேள்வி கேட்டவர்கள் துரோகிகள் ஆனார்கள். பதில் சொன்னவர்கள் கள்ளர்கள் ஆனார்கள். கடைசியில் தலைவர், நேரில் வந்து கதையுங்கள் என்று கோட்-டெ-நேஜில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை எடுத்தார்.

புஷ்பராணி அன்று ஒரு முடிவும் இல்லாமல்தான் போனார். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்ற பக்கம்தான் மனம் சாய்ந்திருந்தது.

“ஒரு பொண்ட் ஆயிரம் டொலர். வருசம் ஆறு வீதம் வட்டி. அஞ்சு வருசத்தில முதல் முழுக்கத் திரும்பி வரும்” என்றார் கீர்த்திகன், திரையில் படம் காட்டி.

எமிலியானுஸ் எழும்பினார். மன்னார்க்காரர், அறுபத்து நாலு வயது, வெண்சங்கின் முதல் கோல் காப்பாளர். இப்போது ரொக்ஸ்பரோவில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடை ஒன்று நடத்துகிறார். ஒலிவாங்கியைக் கையால் தள்ளிவிட்டார்.

“தம்பி, ஒரு கேள்வி. உந்த மைதானம் ஓடாட்டி நான் ஆரின்ர கதவைத் தட்டுறது?”

“கழகம் பதிவு செய்த அமைப்பு, அங்கிள். கழகம்தான் பொறுப்பு.”

“கழகத்துக்குக் கதவு இருக்கோ? போன வருசம் முழுக்கப் பந்துப் பையே உம்மட காருக்குள்ளதானே கிடந்தது.”

சிரிப்பு எழுந்தது. கீர்த்திகனுடைய காது சிவந்தது. “ஆபத்து எல்லாம் நாங்கள் அனுப்பின விளக்கத்தில நாலாம் பக்கத்தில எழுதியிருக்கு.”

“எழுதினாப்போல காசு திரும்பி வருமோ?”

“வயித்தெரிச்சல்” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. “அவர் பனிக்குள்ள விளையாடினவராம். எங்கட பெடியளும் விறைச்சுச் சாகவேணுமாம்.”

“நீர் எத்தினை எடுக்கிறீர் எண்டு முதல்ல சொல்லும். பேந்து என்ர வயித்தைப் பாரும்.”

துஷாந்தினி எழும்பினார். அவருடைய இரண்டு மகன்களும் அணியில் ஆடுகிறார்கள். கழகத்தின் விருந்துகளுக்கெல்லாம் சமையல் அவர்தான். “என்ர பிள்ளையள் பள்ளிக்கூட ஜிம்முக்குள்ள கதிரைகளுக்கு நடுவில ஓடுறாங்கள். உங்கட பிள்ளையள் விளையாடி முடிஞ்சுது, எமிலியண்ணை. உங்களுக்கென்ன.”

எமிலியானுஸின் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து புஷ்பராணியில் நின்றது.

“சீட்டுக்காரி ஏன் இண்டைக்கு வாய் திறக்கேல்லை? ஆறு வீதம் குடுத்தா உம்மட சீட்டுக்கு ஆர் வருவினம் எண்டு யோசிக்கிறீரோ? சனம் படிச்சிட்டால் உமக்கு வேலையில்லைத்தான்.”

மண்டபம் சிரித்தது. கீர்த்திகனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக புஷ்பராணியால் முடியாது. அவர் பிறந்ததே அப்படித்தான்.

“நான் அஞ்சு எடுக்கிறன்” என்றார், இருந்த இடத்திலேயே. “எமிலியண்ணை, நீங்கள் கடையில போய் மிட்டாய் எண்ணுங்கோ.”

இப்போது சிரிப்பு மறுபக்கம் போனது. அதோடு கைகளும் எழும்பின.

பிழை அந்த மண்டபத்தில் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு புஷ்பராணி வீட்டில் நடந்தது. சீட்டுக் காசு கொடுக்க வந்தவர்களில் முதலாவது ஆள் துஷாந்தினி. சீட்டு உறைக்கு மேல் இன்னொரு தடித்த உறையை வைத்தார். “இது பொண்டுக்கு அக்கா. அஞ்சு. நீங்களே சேர்த்துக் குடுத்திடுங்கோ.” காசைக் கழகக் கணக்குக்கு அனுப்பும்படி கீர்த்திகன் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் இந்த வீட்டில், இந்த மேசையில், இந்தக் கையில் காசு வைத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். வாங்கித்தான் அந்தக் கைக்கும் பழக்கம். புஷ்பராணி வாங்கினார். அடுத்த ஆளிடமும் வாங்கினார். சீட்டில் இல்லாதவர்கள்கூட விலாசம் கேட்டு வந்தார்கள். எல்லாவற்றையும் கீர்த்திகனிடம் ஒழுங்காகச் சேர்த்தார், பத்திரங்கள் வந்ததும் ஒழுங்காகப் பங்கிட்டார். ஒரு சதம் குறையவில்லை. யாருடைய மனதிலும் சந்தேகமும் இல்லை: இது ராணியக்காவின் இன்னொரு சீட்டு, கொஞ்சம் நீளமானது.

கோடை போனது. பண்டகசாலைக்கு வாடகையும் போனது. புல் வரவில்லை. கட்டடத்தை விளையாட்டிடமாக மாற்ற நகரசபை இன்னும் அனுமதி தரவில்லை. தீயணைப்புக் கதவு போதாது, வாகனத் தரிப்பிடம் போதாது என்று கேள்விமேல் கேள்வி. வட்ஸ்அப் குழுவில் கீர்த்திகனுடைய பதில்கள் குறுகிக்கொண்டு வந்தன. ‘செய்கிறோம்.’ பிறகு ‘பார்க்கிறோம்.’ பிறகு பெருவிரல் படம் மட்டும்.

செப்டெம்பர்ச் சீட்டு முடிந்து எல்லோரும் போன பிறகு கத்தரின் போகாமல் நின்றார். நாற்பது வயது, ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கிறவர், பதினொரு வருடமாகச் சீட்டில் இருக்கிறார், ஒருநாளும் பிந்தியதில்லை. முகம் மலர்ந்திருந்தது.

“ராணியக்கா, வீடு சரிவந்திட்டுது. ரொக்ஸ்பரோவில, ரெண்டு அறை. நவம்பர் பதினாலு நொத்தாரிசிட்டை வீட்டு உறுதிக்குக் கையெழுத்து. அதுதான் என்ர பத்தையும் எடுப்பம் எண்டு.”

“எந்தப் பத்து?”

“பொண்ட். கழிவு எவ்வளவு விடவேணும் எண்டு சொல்லுங்கோ. ஐந்நூறு எண்டாலும் பரவாயில்லை.”

புஷ்பராணி கதிரையில் இருந்தார். “கத்தரின், உது சீட்டில்லை.”

“தெரியும் அக்கா. ஆனா நீங்கள்தானே பிடிக்கிறீங்கள்.”

“நான் பிடிக்கேல்லை. அஞ்சு வருசம் எண்டு அதில கிடக்கு. வாசிக்கேல்லையோ நீ?”

“வாசிச்சனான். அது காசு தேவைப்படாத ஆக்களுக்கு எண்டு நினைச்சன்.”

கத்தரினுடைய முகம் மாறுவதைப் பார்க்க விருப்பமில்லாமல் புஷ்பராணி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினார். அந்தப் பத்தாயிரம் இல்லாவிட்டால் வீடு இல்லை, கொடுத்த முற்பணமும் இல்லை. கத்தரின் அழவில்லை. அதைவிட மோசமாக, “நீங்கள் ஏதாவது செய்வீங்கள்தானே அக்கா” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் புஷ்பராணி கீர்த்திகனைப் பிடித்தார்.

“ஏலாது அன்ரி. ஒராளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கவேணும். காசு கட்டடத்துக்குள்ள போயிட்டுது.”

“கட்டடத்துக்குள்ள இன்னும் ஒரு புல்லும் போகேல்லை. காசு மட்டும் என்னெண்டு போச்சு?”

“பெர்மிட் தராததுக்கு நான் என்ன செய்ய?”

“அவளின்ர வீடு போகப்போகுது, கீர்த்திகன்.”

“வீட்டுக் காசைக் கொண்டுவந்து இதில போடச் சொல்லி நான் சொன்னனானோ? அவவை நான் கண்டதுகூட இல்லை. அவவிட்டைக் காசு வாங்கினது நீங்கள். கழகக் கணக்குக்கு அனுப்பச் சொல்லித்தான் நான் எல்லாருக்கும் எழுதினனான். உங்களை ஆர் வாங்கச் சொன்னது?”

இருபத்தைந்து வருடத்தில் யாரும் புஷ்பராணியிடம் இப்படிக் கேட்டதில்லை.

“வேணுமெண்டா பொண்டை வேற ஒராளின்ர பேருக்கு மாத்தலாம்” என்றார் கீர்த்திகன், கொஞ்சம் இறங்கி. “வாங்க ஆள் பிடியுங்கோ.”

ஆள் பிடிக்க இரண்டு கிழமை அலைந்தார். பெப்ரவரியில் கை தூக்கியவர்கள் எல்லோருக்கும் இப்போது கையில் வாதம். கடைசியில் தன் கணக்கைத் தானே பார்த்தார். வங்கியில் ஆறாயிரத்து ஐந்நூறு கிடந்தது. கத்தரினுடைய பத்தையும் முழு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு வேண்டும். விற்க அவரிடம் இருந்தது தன்னுடைய ஐந்து பொண்ட் மட்டும். அதை வாங்கக்கூடியவர் என்று மிஞ்சியதும் ஒருவர் மட்டும்.

ரொக்ஸ்பரோ கடையில் எமிலியானுஸ் கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். பொண்ட் விற்க வந்திருக்கிறார் என்று கேட்டு ரசித்தார்.

“ஐந்நூறு தாறன், ஒண்டுக்கு.”

“ஆயிரம் டொலர்ச் சாமான் அண்ணை.”

“அது கீர்த்திகன்ர படத்தில. இது என்ர கடை. இஞ்சை விலை நான்தான் போடுறது.”

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உள்ளே வந்தார். எமிலியானுஸ் “போன்ஜூர்” சொல்லி, லொத்தர்ச் சீட்டு இரண்டு கொடுத்து, “மெர்சி” சொல்லி அனுப்பினார்.

“லொத்தர் விக்கிற நீங்கள் பொண்டில ஆபத்து எண்டு கத்தினனீங்கள். வெக்கமில்லையோ?”

“லொத்தர் வாங்கிறவனுக்குத் தோக்கப்போறது தெரியும். அவன் ஏமாறேல்லை.” அவர் கல்லாவை மூடினார். “ஏன் விக்கிறீர்?”

புஷ்பராணி சொன்னார். பொய் சொல்ல நினைத்தார்தான், ஆனால் எமிலியானுஸ் கோல் காத்தவர். பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கிற கண் இன்னும் போகவில்லை.

“விசர் உமக்கு. கத்தரினுக்குக் குடுத்தா மற்றவை சும்மா இருப்பினமோ?”

“அவளுக்குத்தான் திகதி இருக்கு.”

“எழுநூறு. அதுக்கு மேல ஒரு சதம் இல்லை.”

“எழுநூறுக்கு நீங்கள் ஏன் வாங்கிறீங்கள், உது குப்பை எண்டு சொல்லிப்போட்டு?”

“தோத்தா நான் சொன்னது சரி. வெண்டா எனக்குக் காசு. எப்பிடிப் பார்த்தாலும் உம்மை விட நல்லாத்தான் இருப்பன்.”

காசை எண்ணிக் கொடுத்தார். மாற்றப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். புஷ்பராணி பஸ்ஸில் இருந்து இறங்குவதற்குள் கைபேசி பத்து முறை அதிர்ந்துவிட்டது. எமிலியானுஸ் கழகக் குழுவில் எழுதியிருந்தார்: ‘அறிவித்தல். வெண்சங்குப் பொண்டின் இன்றைய விலை எழுநூறு. விற்றவர் ராணியக்கா.’

கீர்த்திகன் எமிலியானுஸைக் குழுவிலிருந்து நீக்கினார். யாரோ திரும்பச் சேர்த்தார்கள். ‘ராணியக்காவே வித்துப்போட்டா எண்டா உள்ள என்னவோ நடந்திருக்கு.’ ‘தனக்கு மட்டும் எடுத்திட்டா.’ ‘எங்களிட்டை வாங்கேக்க இனிச்சது.’ இதற்கு முன் பொண்டுக்காகச் சண்டை பிடித்தவர்களும் எதிராகச் சண்டை பிடித்தவர்களும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றார்கள்.

ஒக்டோபரில் பருவத்தின் கடைசி ஆட்டம். புஷ்பராணி போகாமல் விடலாம். போனார். வழக்கமான இடத்தில் நின்றார். முதல் பாதியில் யாரும் அவருக்குப் பக்கத்தில் வரவில்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், முன்னால் துஷாந்தினி.

“எங்கட காசு எங்க அக்கா?”

“கழகத்திட்டை.”

“கழகத்திட்டை நான் குடுக்கேல்லை. உங்கட மேசையில வைச்சனான்.”

“கத்தரின்ர பத்தையும் நீங்கள் வாங்கிட்டீங்களாம், முழு விலைக்கு” என்றார் பின்னால் நின்ற ஒருவர். “அவவுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமோ?”

“என்னட்டை இருந்தது ஒராளுக்குத்தான் காணும். அவளுக்கு வீடு போகப்போகுது. உங்களுக்கு ஆருக்கும் வீடு போகேல்லை.”

“அப்ப நீங்கள் பொறுப்பு எண்டு ஒத்துக்கொள்ளுறீங்கள்” என்றார் துஷாந்தினி. “பொறுப்பில்லாட்டி ஏன் அவவுக்குக் குடுக்கவேணும்?”

இது நல்ல கேள்வி என்று புஷ்பராணிக்குத் தெரிந்தது. கத்தரினுக்குக் கொடுத்திருக்காவிட்டால் இந்தப் பன்னிரண்டு பேரிடமும் ‘கழகத்தைக் கேளுங்கோ’ என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றிருக்கலாம். கொடுத்ததுதான் மாட்டிவிட்டது.

“சீட்டுக்கு நான் பொறுப்பு. இதுக்கில்லை.”

“அப்ப ஏன் எங்களிட்டை வாங்கினனீங்கள்?”

“நீட்டினீங்கள். வாங்கினன்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான். அது என்ர பிழை. அதுக்கு மேல என்னட்டை ஒண்டுமில்லை, துஷாந்தினி. வீட்டை வந்து பாருங்கோ, கதிரை இருக்கு, தூக்கிக்கொண்டு போங்கோ.”

“கதிரையை வைச்சு நாங்கள் என்ன செய்ய” என்றார் ஒருவர். “அஞ்சு வருசம் இருந்து காத்திருக்கவோ?”

யாரோ சிரித்தார்கள். துஷாந்தினி சிரிக்கவில்லை. அவருடைய இளைய மகன் அந்த நேரம் ஒரு கோல் அடித்துவிட்டுக் கோட்டோரத்தைப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

“சீட்டில இனி என்ர பேரை வைக்காதேங்கோ” என்றார் துஷாந்தினி. மற்றவர்களும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். சிலர் மரியாதையாகவும் சொன்னார்கள். அதுதான் கூட நொந்தது.

நவம்பர் பதினான்காம் திகதி கத்தரின் கையெழுத்திட்டு வீட்டை வாங்கினார். கையில் கிடைத்த வீட்டுத் திறப்பைப் படமெடுத்துப் புஷ்பராணிக்கு மட்டும் அனுப்பினார். குழுவில் போடப் பயம். டிசெம்பரில் ஓடிக்கொண்டிருந்த சீட்டு முடிந்தது. கடைசி ஆளின் காசும் குறித்த நாளில், குறையாமல் கொடுக்கப்பட்டது. வாங்கிய ஆள் எண்ணிப் பார்த்தார். முன்பெல்லாம் எண்ணமாட்டார்.

புதுச் சீட்டுக்குப் புஷ்பராணி எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். நாலு பேர் பெயர் கொடுத்தார்கள், கத்தரினோடு சேர்த்து. நாலு பேரை வைத்துச் சீட்டு நடத்த முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் மேலதிக வேலை கேட்டார், கொடுத்தார்கள். புவாண்ட்-கிளேரில் வேலைக்குப் போகும் பஸ் அந்தப் பண்டகசாலையைத் தாண்டித்தான் போகிறது. உள்ளே இன்னும் புல் இல்லை. வாடகை போய்க்கொண்டிருக்கிறது. கீர்த்திகன் பொருளாளராகவே இருக்கிறார்; அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.

மார்ச்சில் துஷாந்தினி ஒரு சீட்டுத் தொடங்குகிறார். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள், ஒரு இடம் நிரம்பவில்லை. அந்த இடத்துக்குப் புஷ்பராணி பெயர் கொடுத்திருக்கிறார். முதல் ஐந்நூறு டொலரை மாதம் பிறந்து மூன்றாம் நாளுக்குள் துஷாந்தினி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.